எண்ணுக்குக் குரல் கொடுத்தவர்கள்

பெண்கள் விடுதி,
திருவள்ளூர்,
19-1-2025

அன்புள்ள மாமாவுக்கு,

நடந்ததை நடந்தபடியே எழுதுவேன், கூட்டவும் மாட்டேன், குறைக்கவும் மாட்டேன் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கடிதத்துக்கு மட்டுமல்ல, இனி எழுதப்போகும் எல்லாக் கடிதங்களுக்கும் இதுதான் விதி. நீங்களும் அப்படியே எழுத வேண்டும்.

விடுதியில் செல்போன் கூடாது. ஞாயிற்றுக்கிழமை ஐந்து நிமிடம் வார்டன் போனில் பேசலாம், அதுவும் அம்மா அப்பாவோடு மட்டும். ஆனால் கடிதத்துக்குத் தடையில்லை. சேர்க்கைப் படிவத்தில் அம்மா உங்கள் பெயரையும் எழுதியிருப்பதால் உங்கள் கவரைப் பிரிக்க மாட்டார்கள்.

பொங்கலுக்கு நீங்கள் வரவில்லை. கப்பலிலிருந்து வந்து எட்டு மாதம் ஆகிறது. தேர்வாய் கண்டிகையில் இப்போது வேலை பார்க்கும் கம்பெனியின் குவார்ட்டர்ஸிலிருந்து கவரைப்பேட்டைக்கு எவ்வளவு தூரம்? அம்மா, "வந்தா வரான், வரலைன்னா பூட்றான். கூடப் பொறந்தவன்னு நான் இன்னா அவன் கால்ல வுழணுமா?" என்றார். ஆனால் உங்களுக்கென்று ஒரு கிண்ணத்தில் பொங்கல் எடுத்துவைத்து, மறுநாள் அது புளித்த பிறகுதான் மாட்டுக்கு வைத்தார். இரண்டையும் பார்த்தேன், இரண்டையும் எழுதுகிறேன்.

காணும் பொங்கலன்று விக்டோரியா அக்கா வந்தார். அவருடைய கணவர் இம்மானுவேல் மாமா கடலில் காணாமல் போய்ப் பதினான்கு மாதம் ஆகிவிட்டதாம். நீங்கள் அவர் வீட்டுக்குப் போய் ஒரு வார்த்தை கேட்கவில்லை என்பதுதானே அம்மாவுக்கு உங்கள்மீது கோபம்? அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்:

"பாப்பா, நீ கேட்டா உங்க மாமன் சொல்லுவாரு. அன்னிக்குக் காலைல பத்து நாப்பதுக்கு ட்ரில்லுல என் ஊட்டுக்காரரு 'யெஸ்'னு கொரல் குட்த்துக்கீறாரு. கப்பல் கம்பெனி பேப்பர்ல போட்டுக்கீது. பக்கத்துல நின்னவரு உங்க மாமன். அப்ப அவரு மொகம் எப்டி இருந்திச்சி, இன்னா பேசினாரு, அது மட்டும் போதும் எனக்கு."

அதைக் கேட்டு எழுதுங்கள் மாமா. கப்பலைப் பற்றியும் எழுதுங்கள். நீங்கள் ஆறு வருடம் கப்பலில் இருந்தீர்கள், எனக்கு ஆறு வரிகூடத் தெரியாது.

உண்மையாக எழுதுவேன் என்று சொல்லிவிட்டதால் என் குற்றம் ஒன்றையும் எழுத வேண்டும். என் பக்கத்துக் கட்டில் ஜோதிலட்சுமியின் அம்மா குவைத்தில் வீட்டுவேலை செய்கிறார். அவருக்கு ஓய்வு கிடைப்பது நம் நேரத்துக்கு எட்டரை மணிக்கு மேல்தான். ஜோதி பின்பக்கக் கேட் வழியாக அடுத்த தெருத் தையல்கடை அக்காவிடம் போய் வீடியோவில் அம்மாவைப் பார்த்துவிட்டு வருவாள். ஒன்பது மணிக்கு வார்டன் ஹேமாம்புஜம் மேடம் எண் படிப்பார். ஜோதியின் எண் இருபத்தேழு. அவள் வரத் தாமதமானால் நான்தான் அவளுக்கும் "உள்ளேன் மேடம்" சொல்கிறேன். இதுவரை இரண்டு முறை. யாருக்கும் தெரியாது.

உங்கள் அன்புள்ள,
இளமதி


தேர்வாய் கண்டிகை,
26-1-2025

மதிக்குட்டிக்கு,

எனக்கு எழுத வராது. நீ கேட்டதால் எழுதுகிறேன். படித்துவிட்டுச் சிரிக்காதே.

கப்பல் என்றால் நீ வெள்ளைச் சட்டை போட்ட கேப்டனை நினைப்பாய். நான் அவரை ஆறு வருடத்தில் நான்கு முறை பார்த்திருக்கிறேன். எங்கள் இடம் அடியில், சலவைத் தளம். கடல்மட்டத்துக்குக் கீழே. மேலே மூவாயிரம் பேர் உடம்பு துடைத்துப் போடும் துண்டுகளெல்லாம் குழாய் வழியாக எங்களிடம் வந்து விழும். போர்வையை மடிக்க ஒரு இயந்திரம் உண்டு, நம் ஊர் லாரி அளவு இருக்கும். இரண்டு பேர் நின்று போர்வையின் இரண்டு மூலையையும் கொடுத்தால் இழுத்துக்கொள்ளும். நானும் இம்மானுவேலும்தான் அந்த இரண்டு பேர். அவனிடம் என்ன பேசினாலும் கத்தித்தான் பேச வேண்டும். பஞ்சுத் தூசி தொண்டையில் போய் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருமல்.

அங்கே ஜன்னல் கிடையாது. பகலா இரவா என்று தெரியாது. மெஸ்ஸில் முட்டை வைத்தால் காலை, மீன் வைத்தால் ராத்திரி. கடிகாரத்தை நம்ப முடியாது. கப்பல் போகப் போக ஒரு மணி நேரம் முன்னே தள்ளு, பின்னே தள்ளு என்று அறிவிப்பு ஒட்டுவார்கள். சுவரில் கை வைத்தால் அந்தப் பக்கம் தண்ணீர் ஓடுவது தெரியும். முதல் மாதம் நான் சுவர்ப் பக்கம் முதுகு வைத்துத் தூங்கியதில்லை.

தண்ணீர் புகாத இரும்புக் கதவுகள் உண்டு. மணி அடித்துக்கொண்டே பக்கவாட்டில் மூடும், நடுவில் எது இருந்தாலும் நிற்காது. சேர்ந்த அன்று ஒரு கேரட்டை நடுவில் வைத்துக் காட்டினார்கள். "உன் கை இந்தக் கேரட்டைவிடக் கெட்டியா?" என்று கேட்டார் அதிகாரி. அதன் பிறகு ஆறு மாதம் இம்மானுவேல் கேரட் சாப்பிடவில்லை. தட்டில் ஒதுக்கிவைத்து, "டேய் அன்பு, இது என் வெரலு மாரி கீதுடா" என்பான்.

நெருப்பு, ஆள் விழுந்தது எல்லாவற்றுக்கும் சங்கேதச் சொல் இருக்கும், பயணிகள் பயப்படக்கூடாது என்று. ஆள் கடலில் விழுந்தால் எங்கள் கப்பலில் "ஆஸ்கர், ஆஸ்கர், ஆஸ்கர்" என்று மூன்று முறை சொல்வார்கள். நான் அதை ஒரே ஒரு முறை கேட்டேன். அப்போது ஒரு வெள்ளைக்காரப் பாட்டி, "இன்றைக்கு என்ன விழா?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார்.

விக்டோரியாவிடம், எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை என்று சொல்லிவிடு.

இன்னொன்று. இருபத்தேழுக்கு நீ குரல் கொடுக்காதே. ஏன் என்று கேட்காதே. கொடுக்காதே, அவ்வளவுதான்.

மாமா,
அன்புசெல்வன்


திருவள்ளூர்,
2-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை நான்கு முறை படித்தேன். கேரட் வந்த இடத்தில் சிரித்தேன். பிறகு எனக்குக் கோபம் வந்தது. கேரட்டை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள், துண்டு விழும் குழாயை ஞாபகம் வைத்திருக்கிறீர்கள், ஆனால் உங்கள் நண்பர் கடைசியாகப் பேசியது மட்டும் ஞாபகம் இல்லையா? இது நம் விதிப்படி எழுதிய கடிதம் இல்லை.

இன்று பார்வையாளர் நாள். அம்மாவோடு விக்டோரியா அக்காவும் வந்தார். அம்மா வார்டனைப் பார்க்கப் போனபோது, அக்கா பிளாஸ்டிக் உறையிலிருந்து கம்பெனி பேப்பரின் நகலை எடுத்தார். மடித்து மடித்து அது நான்கு துண்டாகப் போகும் நிலையில் இருந்தது. அதில் இருப்பதை என் நோட்டில் எழுதிக்கொண்டேன். 10.40: பயிற்சி அணிவகுப்பு, எண் 318, இருந்தார். 19.00: பணிக்கு வரவில்லை. 19.50: கடலில் தேடுதல் தொடக்கம்.

நீங்கள் சொல்லச் சொன்னதைச் சொன்னேன். அக்கா பேப்பரை மறுபடி மடித்து உறைக்குள் வைத்தார். பிறகு சொன்னார்:

"பத்து நாப்பதுலர்ந்து ஏழு மணி வரிக்கும் நடுவுல என்னமோ நடந்துக்கீது பாப்பா. நல்லா கொரல் குட்த்த மனுஷன் எப்டிக் காணாமப் பூடுவாரு? ஒரே ரூம்ல படுத்தவரு உங்க மாமன். பக்கத்துல நின்னவரும் அவருதான். ஊருக்கு வந்து என் மூஞ்சில முழிக்காம ஒளிஞ்சிக்கினு கீறாரு. நான் இன்னான்னு நெனைக்கறது சொல்லு. வக்கீல பாத்துட்டேன். மனு குடுக்கப்போறேன். அதுல அவரு பேருதான் இருக்கும்."

மாமா, அம்மாவிடம் சொல்லவில்லை. நான் இதைக் கேட்கக்கூடாது, ஆனால் கேட்காமல் இருந்தால் அது பொய்யாகிவிடும். நீங்கள் அவரை ஏதாவது செய்தீர்களா?

இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நினைப்பது வேறு, தெரிவது வேறு.

இருபத்தேழு பற்றி நீங்கள் சொன்னதை நான் கேட்கவில்லை என்பதையும் எழுதுகிறேன். காரணம் சொல்லாமல் சொன்னால் எப்படிக் கேட்பது? செவ்வாயும் வெள்ளியும் குரல் கொடுத்தேன். இப்போது எனக்கு நன்றாக வருகிறது. ஜோதிக்கு எப்போதும் சளி, அதனால் மூக்கால் பேசுவாள். நானும் மூக்கை லேசாக அடைத்துக்கொண்டு, கொஞ்சம் தாமதித்துச் சொல்வேன். மேடம் நிமிர்ந்துகூடப் பார்ப்பதில்லை.

பதில் எழுதுங்கள். சீக்கிரம்.

இளமதி


தேர்வாய் கண்டிகை,
9-2-2025

மதி,

உன் கடிதம் செவ்வாய்க்கிழமையே வந்துவிட்டது. ஐந்து நாளாக எழுதிக் கிழித்துக்கொண்டிருக்கிறேன். நீ கேட்ட கேள்விக்கு பதில்: நான் அவன்மேல் கை வைக்கவில்லை. ஆனால் நான் செய்ததைக் கேட்டால், கை வைத்திருந்தாலே தேவலை என்று உனக்குத் தோன்றலாம்.

கப்பலில் வாரம் ஒரு முறை பயிற்சி. ஏழு தடவை சின்னதாக, ஒரு தடவை நீளமாக ஊதுவார்கள். எல்லோரும் உயிர்காப்புச் சட்டையை மாட்டிக்கொண்டு அவரவர் இடத்தில் வரிசையாக நிற்க வேண்டும். எங்கள் வரிசைத் தலைவர் பெயர் கூப்பிட மாட்டார், எண் கூப்பிடுவார். 'யெஸ்' என்று குரல் வந்தால் தாளில் கோடு போடுவார். பன்னிரண்டு மணி நேரம் நின்றுவிட்டுப் படுத்தவனுக்குப் பயிற்சி என்றால் தூக்கம் போச்சு. அதனால் சலவைத் தளத்தில் ஒரு வழக்கம் இருந்தது. இருவரில் ஒருவன் தூங்குவான், இன்னொருவன் போய் இரண்டு எண்ணுக்கும் குரல் கொடுப்பான். அடுத்த வாரம் மாற்றி. தலைவருக்கும் தெரியும், பேசாமல் கோடு போடுவார். ஆள் கணக்கு சரியாக இருந்தால் அவருக்கும் பேஜாரு இல்லை.

என் எண் 317. அவன் எண் 318. எனக்காக அவன் குரல் கொடுத்தது எத்தனையோ தடவை.

அன்று எங்கள் இரவு வேலை காலை ஐந்துக்கு முடிந்தது. அவன், "மேல போயி கொஞ்சம் காத்து வாங்கிக்கினு வரேன்டா, நீ படு" என்றான். விக்டோரியா என்னிடம் கேட்கச் சொன்ன கடைசிப் பேச்சு இதுதான். சிரித்தானா என்று எனக்குத் தெரியாது, நான் காலணி கழற்றிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்து பார்க்கவில்லை.

பத்தரைக்கு ஊதினார்கள். மேல் படுக்கையில் திரை மூடியிருந்தது. தூங்குகிறான் என்று நினைத்தேன். திரையை விலக்கிப் பார்க்கவில்லை. மதி, ஒரு கை நீட்டினால் போதும். தூங்குகிறவனை எழுப்பக்கூடாது என்றுதான் நான் விலக்கவில்லை. போனேன். 317-க்கு யெஸ் சொன்னேன். 318 என்றார். ஒரு முறை இருமிவிட்டு, அவன் குரலில் யெஸ் சொன்னேன்.

இரவு ஏழு மணிக்கு இயந்திரத்தின் ஒரு மூலையில் நான் மட்டும் நின்றேன். திரையை விலக்கியபோது போர்வை மடித்தது மடித்தபடி இருந்தது.

கப்பல் முழுக்கத் தேடினார்கள். பிறகு அந்த மூன்று சொல். அதிகாரி எங்களை நிற்கவைத்து, கடைசியாக யார் பார்த்தது என்று கேட்டார். நான் வாய் திறப்பதற்குள் வரிசைத் தலைவர் தாளைக் காட்டி, "பத்து நாற்பதுக்கு இருந்தான்" என்றார். நான் வாயை மூடிக்கொண்டேன். பொய்க் குரல் கொடுத்தவனை அடுத்த துறைமுகத்தில் இறக்கிவிடுவார்கள், பிறகு எந்தக் கப்பலும் ஏற்றாது. அந்த பயம்தான். எட்டு மணிக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். எட்டு மணிக்குச் சொன்னால் ஏழு மணிக்கு ஏன் சொல்லவில்லை என்று கேட்பார்கள். ஒன்பது மணிக்கு அது இன்னும் பெரிதாகிவிட்டது.

அவன் போன தளத்தில் கேமரா வேலை செய்யவில்லை. பத்து நாற்பதுக்குக் கப்பல் எங்கே இருந்ததோ, அந்த இடம்வரை திரும்பிப் போய்த் தேடினார்கள். அவன் விழுந்தது அதற்கு ஐந்து மணி நேரம் முன்னால் இருக்கும். அந்த ஐந்து மணி நேரத்தில் கப்பல் நூறு கடல்மைல் ஓடியிருந்தது. அவன் இல்லாத கடலில் இரவெல்லாம் விளக்கடித்து, மறுநாள் மதியம்வரை தேடினார்கள். நானும் கம்பியைப் பிடித்துக்கொண்டு தேடினேன். அங்கே இல்லை என்று தெரிந்துகொண்டே தேடினேன். அது வெதுவெதுப்பான கடல், மதி. அதில் ஒருவன் நெடுநேரம் மிதக்கலாம்.

இதை நீ மட்டும் படி. படித்துவிட்டுக் கிழித்துவிடு. விக்டோரியா மனு கொடுக்கட்டும், என் பெயர் போடட்டும்.

இருபத்தேழுக்கு ஏன் என்று இப்போது தெரிந்ததா?

அன்பு


திருவள்ளூர்,
13-2-2025, வியாழன்

மாமா,

உங்கள் கடிதம் மதியம் வந்தது. நூலகத்தில் வைத்துப் படித்தேன். கிழிக்கவில்லை. என் கணக்கு நோட்டின் அட்டைக்குள் இருக்கிறது.

மணி எட்டு நாற்பது. ஜோதி எட்டே காலுக்குப் போனாள். அவள் போகும்போது நான் அவளை ஒன்றும் சொல்லித் தடுக்கவில்லை. இன்றைக்கு அவள் அம்மாவுக்குப் பிறந்தநாள். "மதி, லேட்டானா பாத்துக்க" என்றாள். நான் தலையாட்டினேன். இப்போது அவள் கட்டிலைப் பார்க்கிறேன். தலையணைமேல் போர்வை மடித்து வைத்திருக்கிறது.

மணி எட்டு ஐம்பத்தைந்து. அவள் வரவில்லை.

இனி எழுதுவது பத்தரை மணிக்கு. தேர்வுக் காலம் என்பதால் பதினொன்றுவரை விளக்கு உண்டு.

மேடம் எண் படித்தார். நான் இருபத்தாறு. "உள்ளேன் மேடம்" என்றேன். "இருபத்தேழு" என்றார். எனக்குத் தொண்டை தானாகவே மூக்கடைத்த குரலுக்குத் தயாராகிவிட்டது மாமா, அதுதான் எனக்கு மிகவும் பயமாக இருந்தது. எல்லோரும் என்னையே பார்த்தார்கள். எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது! யாருக்கும் தெரியாது என்று உங்களுக்கு எழுதினேனே, அது தவறு.

"இருபத்தேழு இல்ல மேடம்" என்றேன்.

மேடம் நிமிர்ந்தார். எங்கே என்று கேட்டார். சொன்னேன். முன்பு நான்கு முறை நான் குரல் கொடுத்ததையும் சொன்னேன். மேடம் காலில் செருப்பு மாட்டாமலே வாட்ச்மேனோடு பின்பக்கக் கேட்டுக்கு ஓடினார். தையல்கடை பூட்டியிருந்ததாம். அந்த நாற்பது நிமிடம் நான் என் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். இரண்டு வாரம் முன்னால் குரல் கொடுத்தபோதும் அவள் இப்படித்தான் வெளியே இருந்தாள். அப்போது நான் சிரித்துக்கொண்டிருந்தேன்.

ஒன்பது நாற்பதுக்கு ஜோதி வந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை. கடை அக்கா கேக் வாங்கித் தருகிறேன் என்று பஜாருக்கு அழைத்துப் போயிருக்கிறார். கையில் எனக்கென்று ஒரு துண்டு கேக் வைத்திருந்தாள். அவளை இரண்டு வாரம் வீட்டுக்கு அனுப்புகிறார்கள். எனக்கும் தண்டனை உண்டாம். பெட்டியில் துணி வைத்தபடி அவள், "ஒரு வார்த்த தான்டி. அத சொல்ல உனுக்கு வாய் வரலையா?" என்றாள். கேக்கை என் கட்டிலிலேயே வைத்துவிட்டாள். எறும்பு வந்துவிட்டது.

அவளுக்கு ஏதாவது ஆகியிருந்தால் நான் செய்தது சரி என்று எல்லோரும் சொல்லியிருப்பார்கள். ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் நான் செய்தது சரிதான் என்று நினைக்கிறேன். அழுதுகொண்டே நினைக்கிறேன்.

விக்டோரியா அக்காவிடம் நான் சொல்ல மாட்டேன். அது நீங்கள் கொடுத்த குரல், நீங்கள்தான் திரும்ப வாங்க வேண்டும். அவர் என்னிடம் கேட்டால் பொய் சொல்லவும் மாட்டேன். அடுத்த பார்வையாளர் நாள் மார்ச் இரண்டு. அதற்கு முன்னால் போய்விடுங்கள் மாமா. எனக்கு உங்களை நினைத்தும் பயமாக இருக்கிறது, அவரை நினைத்தும் பயமாக இருக்கிறது.

மதி


கவரைப்பேட்டை,
23-2-2025

மதிக்குட்டிக்கு,

உன் அம்மா வீட்டில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலையில் விக்டோரியா வீட்டுக்குப் போனேன். ரயில்வே கேட்டிலிருந்து அவள் தெரு ஐந்து நிமிடம். நான் அந்தக் கேட்டை மூன்று முறை தாண்டித் திரும்பினேன்.

வாசலில் நின்றே சொன்னேன். உட்காரச் சொல்லவில்லை. கத்துவாள், அடிப்பாள் என்று நினைத்தேன். "அஞ்சு மணியா?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றேன். நெடுநேரம் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு, "அண்ணா, அந்தக் கொரல குட்த்துக் காட்டு" என்றாள்.

எனக்குப் புரியவில்லை.

"அன்னிக்கு அவரு மாரி யெஸ்ஸுன்னியே, அத இப்ப சொல்லு."

முடியாது என்றேன். அவள் நகரவில்லை. இருமிவிட்டு, சொன்னேன். ஒரு சொல்தான். அவள் கண்ணை மூடிக் கேட்டாள்.

"அப்டியே கீது. பதினஞ்சு மாசமா இதத்தான் அவரோட கடைசி வார்த்தன்னு நெஞ்சுல வெச்சிக்கினு படுத்தேன். கோயில்ல அதுக்காவ மெழுவத்தி ஏத்தினேன். அது நீயா?"

அவன் ஐந்து மணிக்குச் சொன்னதைச் சொன்னேன். காற்று வாங்கப் போகிறேன் என்றது. அவள் அதை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். பிறகு உள்ளே போய் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொண்டுவந்தாள். "இங்க சொன்னத எழுது. கையெழுத்து போடு. கம்பெனிக்கும் அனுப்பறேன், வக்கீலுக்கும் அனுப்பறேன். அதுக்கப்பறம் என் வாசப்படி மிதிக்காத."

ஜன்னல் திட்டில் வைத்து எழுதினேன். தேதி, நேரம், 317, 318, எல்லாம். கையெழுத்துப் போட்டேன். என்ன வரும் என்று தெரியாது. உன் அம்மாவிடமும் சொன்னேன். அவள் சோறு போட்டாள், ஆனால் எதிரில் உட்காரவில்லை.

எனக்கு இப்போதும் பயம்தான். ஆனால் முதல் தடவையாக அது இனி வரப்போவதைப் பற்றிய பயம்.

மாமா


திருவள்ளூர்,
27-2-2025

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. அதையும் பழைய கடிதத்தோடு வைத்திருக்கிறேன். யாராவது கேட்டால் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதால்.

ஜோதி இன்று திரும்பி வந்தாள். மேடம் அவளிடம், "வாய தொறந்து கேட்டிருந்தா நானே போன் குடுத்திருப்பேனே, அசடு!" என்று திட்டினார். இனி புதன்கிழமைகளில் ஜோதி மேடத்தின் அறையிலிருந்தே அம்மாவோடு பேசலாம். இதை ஜோதி என்னிடம் சொல்லவில்லை, மற்றவர்களிடம் சொன்னதைக் கேட்டேன். என் பக்கத்துக் கட்டிலில் சுவரைப் பார்த்துப் படுத்திருக்கிறாள்.

சற்று முன்பு எண் படித்தார்கள். நான் சொன்ன பிறகு மேடம் "இருபத்தேழு" என்றார். பதில் வரவில்லை. அவள் அங்கேதான் இருக்கிறாள், என் கண்ணுக்கு எதிரே அவள் முதுகு தெரிகிறது. ஆனாலும் எனக்கு எழுந்து தொட்டுப் பார்க்க வேண்டும் போல இருந்தது. நான்கு நொடி. எண்ணினேன். அந்த நான்கு நொடியும் நான் வாயைப் பொத்திக்கொண்டிருந்தேன்.

பிறகு "உள்ளேன் மேடம்" என்றாள், மூக்கடைத்த குரலில். நான் சொல்வது போலவே இல்லை. இத்தனை நாள் அப்படியே வருகிறது என்று நினைத்தேனே, கொஞ்சம்கூட ஒத்துப்போகவில்லை.

மேடம் நோட்டை மூடினார். இன்றோடு தேர்வு முடிந்ததால் பழையபடி ஒன்பதரைக்கே விளக்குகளை அணைக்கப்போகிறார்கள்.

மதி